ஒரு நாள் கணக்கு

அன்புள்ள கணேசா,

மகளுக்கு ஆஸ்டினில் கல்லூரி இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு என் ஆசிகளைச் சொல். இங்கே நியூஜெர்சியில் பனி இன்னும் விட்டபாடில்லை. ஊரிலிருந்து வந்த அம்மா ஹீட்டர் பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தை விழுந்தால் ஏறும் எஸ்.க்யூ.க்யூ.க்யூ. ஃபண்டை வாங்கிப் போட்டிருக்கிறாய், நாஸ்டாக் விழும்வரை ஒரு வருஷமானாலும் காத்திருப்பேன் என்கிறாய். தங்கச்சிக்கு இது தெரியுமா?

நாஸ்டாக் விழாது என்று நான் சொல்ல வரவில்லை. விழலாம். என் பயமெல்லாம் அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான். நாஸ்டாக்கின் பெரிய கம்பெனிப் பங்குகளை அளக்கும் நாஸ்டாக் 100 குறியீடு அன்றைக்கு நகர்வதில் மூன்று மடங்கை எதிர்த்திசையில் தருவதுதான் அந்த ஃபண்டின் குறி. அன்றைக்கு மட்டும். சந்தை மூடியதும் அந்தக் கணக்கு முடிந்தது, மறுநாள் புதுக் கணக்கு.

ஒரு தாளில் போட்டுப் பார். குறியீடு 100. முதல் நாள் 10 சதவீதம் விழுந்து 90. உன் 100 டாலர் 130 ஆகிவிடும். மறுநாள் குறியீடு பழைய 100-க்கே திரும்பினால் அது 11.1 சதவீத ஏற்றம். அதில் மூன்று மடங்கு, அதாவது 33.3 சதவீதம், உன் 130-லிருந்து போகும். மிச்சம் 86.67. குறியீடு புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது, உன்னிடம் 13 டாலருக்கு மேல் காணோம். யாரும் திருடவில்லை, பெருக்கல் செய்த வேலை. நாஸ்டாக் நாள் தவறாமல் விழுந்துகொண்டே போனால் மூன்று மடங்குக்கு மேலேகூடக் கிடைக்கும். ஆனால் சந்தை அப்படியா விழுகிறது? இரண்டு நாள் இறங்கும், ஒரு நாள் எகிறும்.

2009 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி.யும், தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ராவும் சேர்ந்து முதலீட்டாளர்களை எச்சரித்தபோது ஓர் உதாரணம் காட்டினார்கள். 2008 டிசம்பர் 1 முதல் 2009 ஏப்ரல் 30 வரை ஒரு குறியீடு சுமார் 8 சதவீதம் ஏறியது. அதன் மும்மடங்கு எதிர் ஃபண்டு 90 சதவீதம் கரைந்தது. சரி, அது தப்புத் திசை என்று வைத்துக்கொள். ஏறும் பக்கம் நின்ற மும்மடங்கு ஃபண்டும் 53 சதவீதம் இழந்ததே! திசையைச் சரியாகச் சொன்னவர்களுக்கே அந்தக் கதி, கணேசா.

அப்புறம் ஃபண்டு பிடித்துக்கொள்ளும் வருஷச் செலவு ஒரு சதவீதத்தை ஒட்டி வரும். அது சின்ன விஷயம்.

வாங்கிய மனையைப் பதினைந்து வருஷம் தொடாமல் வைத்திருந்தவன் நீ. அந்தப் பொறுமைதான் உன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது. இந்த ஃபண்டில் அதே பொறுமை உன் பணத்தைத் தின்றுவிடும். விற்றுவிடு. சந்தையை நினைத்துப் பயமாக இருந்தால் கையிலுள்ள பங்குகளில் கொஞ்சம் குறைத்துப் பணமாக வை, போதும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். ஸ்டேட்மென்ட்டை எடுத்து வை.

அன்புடன்,
சேகர்