கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

வீட்டுக் கடனுக்காக நீ அனுப்பிய தாள்களைப் பார்த்தேன். உங்கள் இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டி, கைக்கு வருவதில் பாதி தவணைக்கே போகிற அளவுக்குக் கடன் தருகிறோம் என்கிறார்கள். "இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை அப்பா" என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் புரிந்தது. ஆனால் அம்மாடி, அது அவர்கள் போட்ட கணக்கு. நாளைக்குக் குழந்தை பிறந்து நீ ஓராண்டு வேலைக்குப் போகாமல் இருக்க நினைத்தால் என்ன ஆகும், மாப்பிள்ளை வேலை மாறினால் நடுவில் இரண்டு மாதம் எப்படி ஓடும் என்பதெல்லாம் அதில் இல்லை. அதை நீங்கள்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு லட்சம் கடனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் கடன் எத்தனை லட்சமோ அத்தனையால் பெருக்கிக்கொள். வட்டி 10 சதவீதம், காலம் 20 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை 965 வரும். முதல் மாதம் அதில் 833 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது வெறும் 132. பத்து ஆண்டு ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவர்கள் பாதிக் கடன் தீர்ந்தது என்றுதான் நினைப்பார்கள். எடுத்துப் பார்த்தால் இன்னும் 73,000 பாக்கி நிற்கும். முழுக்கக் கட்டி முடிக்கும்போது நம் கையைவிட்டுப் போனது 2,31,000-க்கு மேல். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. பாக்கி அசல் பெரிதாக இருக்கும்வரை வட்டியும் பெரிதாகத்தான் இருக்கும், அவ்வளவுதான்.

இதே கணக்கை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். ஆண்டுக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால், மேலே சொன்ன கடன் ஏறக்குறைய நான்கு ஆண்டு முன்னதாகவே முடிந்துவிடும். கட்டும்போது அசலில் கழிக்கும்படி எழுதிக் கொடு. இல்லையென்றால் அடுத்த தவணைக்கு முன்பணமாக வரவு வைத்துவிடுவதும் உண்டு. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள். மாறும் வட்டி என்றால் இன்னொன்றும் கவனி. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிவிடுவதும் உண்டு. மாதாமாதம் போகிற தொகை அதேதான் என்பதால், கடன் நீண்டது நம் கண்ணிலேயே படாது.

ஆனால் கூடுதலாக ஒரு தவணை கட்டக் கையில் மிச்சம் வேண்டுமே. வருவதில் பாதி தவணைக்குப் போனால் மிச்சம் எங்கிருந்து வரும்? அதனால்தான் சொல்கிறேன், தவணை உங்களில் ஒருவர் சம்பளத்திலேயே அடங்கட்டும். வீடு ஒரு அறை குறைந்தாலும் பரவாயில்லை. மாப்பிள்ளைக்கு இது கிழவனின் பயமாகத் தெரியலாம். "வீடு வாங்கப் போகிற பிள்ளையை மிரட்டாதீர்கள்" என்று உன் அம்மாவும் பக்கத்தில் இருந்து சொல்கிறாள். சரி, மிரட்டவில்லை. ஒன்று செய்து பாருங்கள். வரப்போகும் தவணைக்கும் இப்போது கட்டும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். நடுவில் அதில் கை வைக்க வேண்டி வந்தால், அந்தத் தவணை உங்களுக்குத் தாங்காது என்று இப்போதே தெரிந்துவிடும். கை வைக்காமல் முடிந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இருக்கிற சேமிப்பையெல்லாம் வழித்து வீட்டுக்கு முன்பணமாகக் கொடுத்துவிடாதே. தவணையையும் சேர்த்து ஆறு மாதச் செலவுக்கான பணம், கேட்ட அன்றைக்கே எடுக்கிற மாதிரி தனியாக இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள்தான் அவசரத்துக்குக் கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு, 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டிக்கொண்டு வருவார்கள். மீதிக்கு வட்டி மாதம் 3 சதவீதம் என்றால் சின்னதாகத்தான் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

அப்புறம், புது வீடு என்றதும் கட்டில், அலமாரி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் தவணையில் தரக் காத்திருப்பார்கள். '10 சதவீதம் ஃப்ளாட்' என்று சொன்னால் உஷாராகு. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியை முதல் நாள் தொகைக்கே கடைசிவரை போடுவார்கள். மூன்று ஆண்டுக் கடனென்றால், குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் அது ஏறத்தாழ 18 சதவீதம். பழைய கட்டிலிலேயே ஓராண்டு படுங்கள்.

கடனோடு சேர்த்து ஒரு காப்பீடும் நீட்டுவார்கள். பெரும்பாலும் அதன் பிரீமியத்தையும் கடனிலேயே சேர்த்து அதற்கும் வட்டி வாங்குவார்கள். கடன் குறையக் குறையக் காப்பீட்டுத் தொகையும் குறைந்துகொண்டே போகிற வகைதான் அதில் அதிகம். அதற்குப் பதில் இருவர் பேரிலும் தனித்தனியாக டெர்ம் பாலிசி, அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு, எடுத்துக்கொள்ளுங்கள். நாமினி பெயரைப் பழைய கணக்குகளிலும் சரிபார். திருமணத்துக்கு முன் போட்டதில் இன்னும் என் பெயர்தான் இருக்கும்.

ஓய்வுக்காலத்துக்கு என்று இருவரும் போட்டு வருவதைத் தவணைக்காக நிறுத்த வேண்டாம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகும், 24 ஆண்டில் நான்கு மடங்காகும். நீங்கள் வேலையை விட அதற்குமேலும் காலம் இருக்கிறது. எங்கள் செலவுக்கு நாங்கள் வைத்திருக்கிறோம், அதை உன் கணக்கில் எழுதாதே.

மாதவாரியாக வட்டி, அசல், பாக்கி மூன்றும் போட்ட அட்டவணையைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் இருக்கும்போது கூப்பிடு, மூன்று பேருமாக உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா