பின்வளவை இப்போதைக்கு விட்டு வை

அன்புள்ள மகளுக்கு,

வருகிற சனிக்கிழமை பின்வளவை முழுக்கச் சுத்தம் செய்யப்போவதாகப் போனில் சொன்னாய். புது வீடு, ஆசையாகத்தான் இருக்கும். ஆனாலும் அம்மா சொல்வதைக் கேள். மார்ச் முடியும்வரை அங்கே பெரிதாக ஒன்றும் செய்யாதே.

சருகுக்குள் பாம்பு கிடக்கும் என்ற பயத்தில் ஊரில் விடிந்ததும் முற்றம் கூட்டினோம். இங்கிலாந்தில், லீட்ஸில் உன் வீட்டுச் சருகைத் தேடி வருவது முள்ளெலி. நவம்பர் வாக்கில் படுத்தால் மார்ச், ஏப்ரலில்தான் எழும்பும். அதுவரை உடம்பில் சேர்த்த கொழுப்புத்தான் அதற்குச் சாப்பாடு. நாம் குழப்பி எழுப்பினால் அந்தக் கொழுப்பு வீணாகக் கரைந்துவிடும். நடைபாதையில் விழுந்த இலையை வேலியோரம் குவித்து விடு, போதும். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டு, வேலிப் பலகையின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு ஓட்டை வெட்டுங்கள். முள்ளெலி போய்வர அது காணும். பால் மட்டும் வைக்காதே, அதற்குச் செமிக்காது. தண்ணீரும் இறைச்சி சேர்ந்த பூனைச் சாப்பாடும் வை.

இங்கே ஊரே நெருப்பு மூட்டிக் கொண்டாடும் நவம்பர் 5 இரவுக்கு நீங்களும் மூட்டுவதென்றால், குவித்து வைத்ததை அப்படியே கொளுத்த வேண்டாம் என்று மருமகனிடம் சொல். அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றி அடுக்கிவிட்டுக் கொளுத்தட்டும். உள்ளே ஒரு உயிர் சுருண்டு கிடக்கலாம்.

காய்ந்த சூரியகாந்தியையும் பிடுங்காதே. இங்கே எங்கள் செடியின் தலையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். விதை உதிர்ந்த குழிகளுக்குள்ளே ஏழுபுள்ளிப் பொறிவண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, காலை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தன. வசந்தத்தில் உன் ரோசாச் செடியில் அசுவுணி பிடிக்கும்போது அதைத் தின்னப் போவது இவைதான். மருந்து அடிக்கத் தேவையில்லை.

அப்புறம், சுவரில் ஏறியிருக்கும் ஐவிக் கொடியை வெட்டவா என்று கேட்டாய். வேண்டாம் பிள்ளை. மற்றப் பூவெல்லாம் முடிகிற நேரத்தில், செப்டம்பர் முதல் நவம்பர் வரை பூப்பது அதுதான். மஞ்சள் கலந்த பச்சைப் பூ, பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வெயில் பட்டதும் பார், தேனீயும் குளவியும் மொய்த்துக் கொடியே இரையும். பெரும்பாலும் இந்தப் பூவை நம்பியே வாழும் ஒரு தேனீ இனமும் உண்டு. பிரிட்டனில் அதை முதலில் கண்டது 2001இல், தெற்கே டோர்செட்டில். இப்போது வடக்கேயும் பரவி வருகிறது. குளிர்காலக் கடைசியில், வேறு பழம் இல்லாதபோது, பிளாக்பேர்ட் குருவி தின்பதும் ஐவிக் காயைத்தான்.

குளம் உறைந்தால் சுத்தியலால் உடைக்காதே, அடியில் தவளை இருக்கும். சுடுதண்ணீர்ச் சட்டியைப் பனிக்கட்டிமேல் வைத்தால் ஓட்டை தானாக விழும். மரத்தடியில் உதிர்ந்த அப்பிளையும் பொறுக்காதே, ஸ்கண்டிநேவியாவிலிருந்து வரும் ரெட்விங் குருவிகளுக்கு வேண்டும்.

சனிக்கிழமைக்கு வேலை வேண்டுமென்றால் பறவைத் தீனித் தட்டைச் சுடுதண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவை. அழுக்குத் தட்டால் குருவிகளுக்கு நோய் பரவும். கழுவிவிட்டு எனக்குப் போன் எடு.

அன்புடன்,
அம்மா