அளவை எழுதிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து தேவையா என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது, காலை வெயில் காட்டினால் போதும் என்றுதான் எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ஆனால் தாய்ப்பாலில் இந்தச் சத்து மிகக் குறைவு, சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் பயனும் இல்லை. முதல் ஒரு வருடம் தினமும் 400 யூனிட் கொடுக்கச் சொல்கிறது இந்தியக் குழந்தைநல மருத்துவ அகாடமி. சரி, கொடுப்போம். பயம் அளவில்தான். என் மகளுக்கு எழுதியது மில்லிக்கு 400 யூனிட் உள்ள மருந்து, கடையில் தந்ததோ 800. பெட்டியைத் திருப்பிப் பார்த்ததால் தப்பித்தோம். ஆறாவது வாரத் தடுப்பூசியின்போதே எந்த மருந்து, எத்தனை மில்லி என்று அட்டையில் தமிழில் எழுதிக் கொடுக்கலாமே.

ஒரு வாசகி, மதுரை