என்கொயரி மேசையிலேயே தோற்கிறோம்: கோவைத் தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களுக்கு வணக்கம்.

கொடி எந்த நிறமானாலும் இந்தக் கடிதம் உங்கள் எல்லோருக்கும்தான். மே தினத்துக்கு மேடை போடுகிறீர்கள், போனசுக்கு வாயிற்கூட்டம் நடத்துகிறீர்கள். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் தனி ஆளாக ஒரு தொழிலாளி குற்றச்சாட்டை எழுதிக் கம்பெனி கொடுக்கும் சார்ஜ் மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும்போது, கம்பெனிக்குள் நடக்கும் என்கொயரியில் என்ன பேசுவது, எதில் கையெழுத்துப் போடுவது என்று சொல்லித்தர நம்மிடம் ஓர் ஏற்பாடும் கிடையாது. டிஸ்மிஸ் ஆன பிறகு சங்க அலுவலகத்துக்கு வருகிறார். நாமும் நல்ல வக்கீலாகப் பார்த்து அனுப்பி வைக்கிறோம். அதற்குள் பாதி வழக்கு கையைவிட்டுப் போயிருக்கும்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு பம்ப் கம்பெனியில் 14 வருடம் லேத் ஓட்டும் டர்னராக இருந்தேன். 2011ல் சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டியதாக எனக்குச் சார்ஜ் மெமோ கொடுத்தார்கள். கம்பெனியின் ஏசி அறையில் என்கொயரி. விசாரணை அதிகாரி, கம்பெனி காசு கொடுத்து அமர்த்திய ஒரு வக்கீல். நான் தனியாகப் போனேன். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ள, கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணையில் இடம் இருந்தது எனக்கு அப்போது தெரியாது.

நிர்வாகத் தரப்புச் சாட்சியாக வாட்ச்மேன் வந்தார். கேட் பக்கத்தில் நின்றபோது நான் திட்டியது காதில் விழுந்தது என்றார். கேட்டுக்கும் என் லேத்துக்கும் நடுவில் அறுபது அடியாவது இருக்கும். பகல் ஷிஃப்டில் அந்தக் கூடத்தில் பக்கத்து ஆளிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். “அந்த நேரத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? “பொய் சொல்லாதய்யா” என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். விசாரணை அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘குறுக்கு விசாரணை இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

அப்புறம் கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆங்கிலத்தில் ஒரு வரி முன்கூட்டியே டைப் செய்திருந்தது. படித்துக் காட்டப்பட்டது, சரி என ஒப்புக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தமாம். சீக்கிரம் வெளியே போனால் போதும் என்று பதினொரு பக்கத்திலும் போட்டுக் கொடுத்தேன்.

டிஸ்மிஸ் செய்தார்கள். ஐந்து வருடம் கழித்து லேபர் கோர்ட் கூண்டில் நிற்கிறேன். நிர்வாக வக்கீல் அந்தப் பதினொரு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டி, “இது உங்கள் கையெழுத்துதானே?” என்று கேட்டார். பதினொரு தடவை “ஆமாம்” என்றேன். உள்விசாரணை முறையாகத்தான் நடந்திருக்கிறது என்று கோர்ட் முடிவு செய்துவிட்டது. தண்டனை அதிகமா என்று கோர்ட்டே பார்த்துக் குறைக்கலாம் என்று பழைய தொழில் தகராறு சட்டத்தில் 11ஏ பிரிவு ஒன்று இருந்ததால்தான், என் பழைய சர்வீஸைப் பார்த்து மறுபடி வேலை கொடுத்தார்கள். வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின்சம்பளம் ஒரு ரூபாய்கூட இல்லை. அத்தனை வருடச் சம்பளமும் அந்தப் பதினொரு கையெழுத்தில் போனது என்றுதான் இன்றைக்கும் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

எதிர்ப்பு இருந்தால் அதையும் எழுதிக் கையெழுத்திடலாம், ‘நான் கேட்ட கேள்வி பதிவாகவில்லை’ என்று தமிழிலேயே எழுதலாம், நகல் வாங்காமல் எழுந்து வரக் கூடாது. இதைச் சொல்லித்தரப் பத்து நிமிடம் ஆகுமா? நகல் தரவில்லை என்றால் அன்றைக்கே தபாலில் ஒரு கடிதம் போட வேண்டும். (பதிவுத் தபால் 2025ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.)

பின்சம்பளத்திலும் ஒரு வலை இருக்கிறது. தவறாக நீக்கப்பட்டவருக்கு முழுப் பின்சம்பளம் தருவதே பொது விதி என்று 2013ல் தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வேறு வருமானமுள்ள வேலையில் இல்லை என்றோ, முன்பைவிடக் குறைந்த கூலிக்குத்தான் போனேன் என்றோ தொழிலாளி தன் மனுவில் சொல்லியாக வேண்டும். நம் ஆட்கள் இதைச் சும்மா ஒரு வரியாக எண்ணி, ‘எந்த வேலையும் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். குறுக்கு விசாரணையில் “அப்படியானால் இத்தனை வருடம் எதை வைத்துச் சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டால் திணறுகிறார்கள். மினிடோர் வண்டி ஓட்டினால் ஓட்டினேன், நாளைக்கு இவ்வளவு கிடைத்தது என்று சொல்லட்டும். பொய் சொல்லி மாட்டினால் மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று அவசரம். 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. பழைய தொழில் தகராறு சட்டத்தில் வேலைநீக்கத்தை எதிர்த்து லேபர் கோர்ட் போக மூன்று வருடம் இருந்தது. இப்போது தகராறு எழுந்து இரண்டு வருடம் தாண்டினால் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசும் அரசுச் சமரச அலுவலரே கையில் எடுக்க முடியாது. சமரசம் முறிந்து அறிக்கை கையில் கிடைத்தால் 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ‘மூணு வருசம் இருக்குதுங்க, பாத்துக்கலாம்’ என்று போன மாதம்கூட ஒரு சங்க அலுவலகத்தில் என் காதாலேயே கேட்டேன். அந்தப் பேச்சை முதலில் நிறுத்துங்கள்.

வக்கீல்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வக்கீல் கடைசிவரை நியாயமாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் சமரசப் பேச்சுவார்த்தைக்குள் வக்கீல் வர பழைய சட்டத்தின் 36ஆம் பிரிவே இடம் தரவில்லை. அங்கே தொழிலாளிக்குப் பக்கத்தில் உட்காரச் சங்கத்தை விட்டால் யாரும் இல்லை. நாம் போகிறோம், நிர்வாகம் வாய்தா கேட்கிறது, டீ குடித்துவிட்டுத் திரும்புகிறோம்.

நான் கேட்பது இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் சங்க அலுவலகத்தில் ஒரு மேசை போடுங்கள். மெமோ வாங்கியவர் அதோடு வரட்டும். ஒருவர் விசாரணை அதிகாரியாக, ஒருவர் வாட்ச்மேனாக உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். கோபம் வருகிற மாதிரி நாமே நாலு கேள்வி கேட்டு, அவர் வாயை அடக்கப் பழக்குவோம். இதற்குச் சட்டப் படிப்பு வேண்டாம், என்னைப் போல ஒரு தடவை அடிபட்டவர்கள் போதும். அந்த மாதிரி ஆட்கள் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கிறார்கள்.

சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு பையனுக்கு வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்கொயரி. அவன் கம்பெனி நிலையாணையில், அவன் உறுப்பினராக உள்ள சங்கத்தின் பொறுப்பாளர் துணைக்கு வரலாம் என்று இருக்கிறது. நானே போய்விடுவேன், ஆனால் நான் இப்போது எந்தப் பொறுப்பிலும் இல்லை. அவன் சங்கத்திலிருந்து யார் வருகிறீர்கள் என்று செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லுங்கள். புதன்கிழமை ராத்திரி அவனை உட்காரவைத்து ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு டர்னர், கோவை