கான் சாகிப் சமாதிக்கு ஒரு தமிழ்க் கல்வெட்டு: கை கொடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மதுரை காளவாசல், சம்மட்டிபுரம் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கியிருக்கிறோம். அதற்குப் பணம் வேண்டும், நேரடியாகவே கேட்டுவிடுகிறோம்.

தேனி ரோட்டில் காளவாசலைத் தாண்டினால் கான் சாகிப் பள்ளிவாசல். 1764 அக்டோபர் 15 அன்று ஆற்காட்டு நவாப் முகமது அலி தூக்கில் போட்ட தளபதி யூசுப் கான், நம்ம ஊர் வழக்கில் கான் சாகிப், மருதநாயகம், அடக்கமாகியிருக்கும் இடம் அது. உடலைத் துண்டாக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள், தலை திருச்சிக்குப் போனது, முண்டம் மட்டும் இங்கே என்று பெரியவர்கள் சொல்வார்கள். சமாதி மேல் பள்ளிவாசல் எழும்பியது 1808இல்தான். செத்து நாற்பத்து நாலு வருஷம் கழித்தும் அந்த மனுஷனை யாரோ மறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

அவர் கதையை முழுசாகச் சொல்லும் ஒரு கல்வெட்டு, ரோட்டில் போகிறவர் நின்று படிக்கிற அளவு எழுத்தில், அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம், இந்த இரண்டும்தான் திட்டம். கட்டடத்தில் நாங்கள் கை வைக்கப்போவதில்லை, அது பள்ளிவாசல்காரர்கள் பொறுப்பு. அவர்கள் சம்மதமும் மாநகராட்சி அனுமதியும் கையில் வந்த பிறகே கல் நடுவோம்.

'முழுசாக' என்று சொன்னது ஏனென்றால், வசூலுக்குப் போன இடத்தில் சிலர், வெள்ளைக்காரரை எதிர்த்த பாளையக்காரர் பூலித்தேவரோடு அவர் சண்டை போட்டதை எழுதாதீர்கள், தருகிறோம் என்றார்கள். அது நடக்காது. வெள்ளைக்காரரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சிப்பாய்களுக்குத் தலைவனாக வளர்ந்தவர், 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டபோது கம்பெனிக்காக வெளியே நின்று அவர்களை அலைக்கழித்தவர், பாளையக்காரர்களை அடக்கியவர் எல்லாம் இதே யூசுப் கான்தான். மதுரையை ஆள வந்ததும் மீனாட்சியம்மன் கோயிலுக்கு அதன் நிலங்களைத் திருப்பிக் கொடுத்ததும், 1763இல் நவாபுக்கும் கம்பெனிக்கும் அடங்கமாட்டேன் என்று கோட்டைக் கதவைச் சாத்தியதும் அவர்தான். அந்த வருஷ முற்றுகை பலிக்கவில்லை. மறுவருஷம் கம்பெனிப் படையின் மேஜர் கேம்பல் நேரடியாகத் தாக்கியும் கோட்டை விழாமல், சாப்பாடு உள்ளே போகாதபடி வளைத்து நின்றார்கள். கடைசியில் பிடித்துக் கொடுத்தவர்கள் கூட இருந்தவர்களே, பிரெஞ்சுத் தளபதி மார்ஷான், திவான் சீனிவாசராவ். இரண்டு பக்கமும் கல்லில் ஏறும், அதற்குச் சம்மதம் உள்ளவர்கள் பணம் கொடுத்தால் போதும்.

கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து உபயதாரர் பெயர் இருக்குமே, அந்த வேலை இங்கே கிடையாது. கல்லில் யார் பெயரும் வராது, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விருப்பப்பட்டவர்கள் பெயர் மட்டும். நூறு ரூபாயாக இருந்தாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாராவது எங்கள் பெயரைச் சொல்லி வந்தால் கொடுக்காதீர்கள்.

பணம் முடியாதவர்கள் வேறு விதமாக உதவலாம். கல் வெட்டுகிறவர்கள், அச்சகம் வைத்திருப்பவர்கள், மெய்ப்புப் பார்க்கத் தெரிந்த தமிழாசிரியர்கள் (ரொம்ப அவசரம், பிழையோடு கல்லில் ஏறினால் அழிக்க முடியாது) எங்களில் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கான்சாமேட்டுத் தெரு, கான்பாளையம் ஆட்களை ரொம்பவே எதிர்பார்க்கிறோம், உங்கள் தெருப் பெயரே அவருடையது.

வருகிற அக்டோபர் 15க்குள் கல்லை நட்டுவிட ஆசை. தொகை சேரவில்லை என்றால் முதலில் புத்தகம் மட்டும் வரும், கல்லுக்கு வாங்கிய பணம் அப்படியே வங்கியில் இருக்கும், கணக்கை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.