எங்கள் தெருவுக்கடியில் சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பெரீயா மேட்டில் தண்ணீர்க் குழாய்ச் சுரங்கம் தோண்டும் பொறியாளர்களுக்கும், அந்த வேலையை மேற்பார்க்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் மூன்று கடிதம் கொடுத்தாயிற்று. மூன்றுக்கும் 'பெற்றுக்கொண்டோம்' என்ற முத்திரை மட்டும்தான் கிடைத்தது. உங்கள் குழுவில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியாளர்கள் இருவர் இருப்பதாகக் கோயிலில் சொன்னார்கள். அதனால் நான்காவதை என் தாய்மொழியில், ஊரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் சாலை உள்வாங்கிய இரவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலையில் வந்து படம் எடுத்தீர்கள், பள்ளத்தில் ஜல்லி கொட்டி மூடினீர்கள். நீங்கள் படம் எடுக்காத ஒன்று இருக்கிறது. அது எங்கள் வாசற்கதவு.

அன்றிலிருந்து அதில் தாழ் விழவில்லை. நிலை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. வெளியே உள்ள இரும்புக் கேட்டின் பூட்டும் பொருந்தவில்லை. டர்பனில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ராத்திரியானால் கேட்டைச் சங்கிலியால் கட்டி, கதவுக்குப் பின்னால் அலமாரியை நகர்த்தி வைக்கிறோம். நானும் தம்பியும் முறை வைத்து விழித்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு ஸூலு நண்பர் வந்து உட்கார்ந்துகொள்கிறார், எங்களைத் தூங்கச் சொல்லி. 79 வயது அம்மா மட்டும் தூங்குவதில்லை. அலமாரி நகரும் சத்தம் கேட்டதுமே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். "தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே போவது?" என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

தச்சரைக் கூப்பிட்டேன். வீடு இன்னும் இறங்குகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியாமல் நிலையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரியான பேச்சுதான். அதற்கான பதில் எங்கள் மதிலில் நீங்கள் ஒட்டி, வாராவாரம் அளந்து எழுதிக்கொண்டு போகும் குறிகளில் இருக்கிறது.

நான் 31 வருடம் கிரவுட் பம்ப் பக்கத்தில், அதாவது மண்ணுக்குள் சிமெண்ட் கலவையைச் செலுத்தும் பம்ப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். அதனால் கேட்கிறேன். இந்த மேட்டில் இருப்பது பெரீயா சிவப்பு மணல். காய்ந்திருக்கும்போது வெட்டிய சுவர்போல நிற்கும். மணல் பருக்கைகளை நடுவிலுள்ள களிமண்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் பட்டால் அந்தப் பிடி தளர்ந்து, மேலே இருக்கும் பாரத்தில் மண் அமுங்கிவிடும். இந்த மண்ணில் நீர்த்த சிமெண்ட் பாலைச் செலுத்தினால் என்ன ஆகும்? சிமெண்ட் அடியில் தங்கும், தண்ணீர் தனியே பிரியும். பிரிந்த தண்ணீர் மண்ணுக்குள்தான் போகும். மண்ணைக் கட்ட அனுப்பிய கலவையே மண்ணின் கட்டை அவிழ்த்துவிடும்.

அதற்குத்தானே அட்மிக்சர் என்ற கலவைச் சேர்மானங்கள் இருக்கின்றன? பெண்டோனைட் களிமண் சேர்த்தால் தண்ணீர் பிரிவது குறையும். சூப்பர் பிளாஸ்டிசைசர் சேர்த்தால் தண்ணீரைக் கூட்டாமலே கலவை ஓடும். தோண்டும் எந்திரம் முன்னே நகர்ந்ததும் சுரங்கச் சுவரின் வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சந்து விழுமே, அதற்கு ரிடார்டர் (இறுகுவதைத் தாமதப்படுத்தும் பொருள்) போட்ட கலவையைக் குழாயில் கொண்டுவந்து, முனையில் சோடியம் சிலிகேட்டைச் சேர்த்தால் சில விநாடிகளில் கூழாக இறுகிவிடும். அந்தச் சந்து நிரம்பாவிட்டால் மேலே இருக்கும் மண் இறங்கி அதை நிரப்பும். மண்ணோடு எங்கள் வீடும் இறங்கும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது ஷிஃப்ட் முடியும் நேரம். பம்ப் திணறும், குழாய் அடைத்துக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கும். அப்போது தொட்டியில் ஹோஸை விட்டுத் தண்ணீரைக் கூட்டிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் செய்திருக்கிறேன், கலவை எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்க்கும் மார்ஷ் புனலை ஒரு வயதான ஃபோர்மேன் என் கையில் கொடுக்கும் வரை. அதில் ஒரு லிட்டர் வெறும் தண்ணீர் 28 விநாடியில் இறங்கும். கிரவுட்டும் ஏறக்குறைய அதே நேரத்தில் இறங்கினால், உள்ளே போவது தண்ணீர்தான்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. எந்திரத்தை மறுபடி நகர்த்துவதற்கு முன்னால் கலவைத் தாளைத் தளத்தின் கேட்டில் ஒட்டுங்கள். எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிலோ சிமெண்ட், எந்த அட்மிக்சர் எவ்வளவு என்று அன்றன்றைக்கு ஒட்டுங்கள்.

அது தொழில் ரகசியம் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். ஸ்வீடனில் ஹல்லாண்ட்சோஸ் மலையில் சுரங்கம் போட்டவர்கள் 1997-ல் நீர்க்கசிவை அடைக்க அக்ரிலமைடு என்ற நச்சுப் பொருள் கலந்த கிரவுட்டைச் செலுத்தினார்கள். அது ஓடையில் கலந்து மீன்கள் செத்தன, அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன. 1992-ல் தொடங்கிய அந்தச் சுரங்கம் 2015-ல்தான் திறந்தது. எங்கள் காலுக்கடியில் செலுத்தும் பொருளின் பெயர் எங்களிடமே ரகசியமா?

அம்மா இதே டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்தவர். இன்னின்ன இனத்தவர் இன்னின்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்ற குரூப் ஏரியாஸ் சட்டத்தில் 16 வயதில் அங்கிருந்து கிளப்பி, லாரியில் சாமானோடு ஏற்றி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். அன்றைக்கும் யாரோ காகிதத்தில் கோடு போட்டார்கள், அங்கே குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1991-ல் அந்தச் சட்டம் போனபிறகு, நாங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வீடு இது. அந்தப் பழியை உங்கள்மேல் போடவில்லை, உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். ஆனால் கேட்காமல் கோடு போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மன்னியுங்கள்.

சுரங்கமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வராமல் டேங்கர் லாரிக்குக் காத்து நின்ற ஊர் இது. நல்ல குழாயின் அருமை எங்களுக்குத் தெரியும். தோண்டுங்கள், ஆனால் மண்ணைக் கட்டிவிட்டு அப்புறம் தோண்டுங்கள். கட்டிய கலவையை எங்களுக்குக் காட்டுங்கள்.

திங்கட்கிழமை காலை 7 மணிக்கு உங்கள் தளத்தின் கேட்டில் நிற்பேன். தயவுசெய்து கலவைத் தாளைக் கொடுங்கள், கூடவே எங்கள் மதிலில் எடுத்த அளவுகளையும் கொடுங்கள். தச்சர் அதற்காகக் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிரவுட் பம்ப் ஃபோர்மேன்,
பெரீயா, டர்பன்