வனத்துறைக்கு ஒரு மடல்: பட்டா நிலத்துல ஈட்டி மரம் வச்சவன் ஏன் பயப்படணும்?

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிங்களுக்கு வணக்கமுங்க.

பொள்ளாச்சி பக்கம் மரப்பட்டறை வச்சிருக்கேன். காட்டுல மரம் வெட்ட விடுங்கன்னு கேக்கற மடல் இல்லைங்க இது. வெள்ளைக்காரன் டாப்சிலிப்புல தேக்க வெட்டி மலைல இருந்து உருட்டி விட்டு கப்பலுக்கும் ரயிலுக்கும் கொண்டு போனது போதும், ஆனைமலை புலிக்கும் யானைக்குமே இருக்கட்டும். நான் பேசறது பட்டா நிலத்து மரம் மட்டும்.

இங்க தென்னைக்கு வேர் வாடல் நோய் வந்து தோப்பு தோப்பா வெட்டிட்டு இருக்காங்க, அடுத்து என்ன வைக்கலாம்னு கேக்கறவங்ககிட்ட தேக்கு, வேங்கை, ஈட்டின்னு வைரம் பாயற நம்மூர் மரமா வைங்கண்ணான்னு சொன்னா "வச்சுட்டு எவன் ஆபீஸ் ஆபீஸா அலையறது"ங்கறாங்க. என்ன பதில் சொல்ல? சவுக்கோ யூகலிப்டஸோ வச்சா சில வருசத்துல பேப்பர் மில்லுக்கு லாரி ஏத்திடலாம். தேக்கு வச்சவர் 20, 25 வருசம் காத்திருந்துட்டு கடைசில சிட்டா, அடங்கல், விஏஓ சான்று, மரத்த லாரில கொண்டு போக டிரான்சிட் பாஸ்னு நிக்கணும். பத்து மரம் வச்சிருக்கறவருக்கு இதெல்லாம் ஆகாது, அதனால புரோக்கர் வர்றாரு, "பேப்பர் வேலைய நான் பாத்துக்கறேன்"னு சொல்லி நிக்கற மரத்துக்கே ஒரு விலை பேசி அடிச்சு வாங்கிட்டு போயிடறாரு. அதே மரம் கன அடி கணக்குல என் பட்டறைக்கு வரும்போது விலைய கேட்டா தலை சுத்தும்.

ஈட்டி கதை இன்னும் மோசம். 1994ல பாதுகாப்பு சட்டம் போட்டீங்க, அப்புறம் 15 வருசம் நீட்டினீங்க, 2025ல அதுவும் முடிஞ்சுது. கடத்தல தடுக்க போட்டது, நல்ல எண்ணம்தான். ஆனா சொந்த நிலத்து மரத்த தொடவும் அனுமதி வேணும்னு இருந்தப்ப வரப்புல தானா முளைச்ச ஈட்டிக்கன்ன எந்த விவசாயி விட்டு வச்சிருப்பாரு? சத்தமில்லாம பிடுங்கி போட்டுட்டு போயிருப்பாரு. சந்தனத்துக்கு மட்டும் 2002ல சட்டத்த திருத்தி பட்டா நிலத்து மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம்னு ஆக்கினீங்களே (விக்கறது இன்னும் உங்க வழியாத்தான், அது வேற கதை), மத்த மரத்துக்கும் அந்த மனசு வர்றதுக்கு என்ன தடை?

இதுக்கு நடுவுல தூத்துக்குடி துறைமுகத்துல வந்து இறங்கற ஆப்பிரிக்கா தேக்குல நான் கோயம்புத்தூர் வீடுகளுக்கு நிலைக்கதவு செஞ்சுட்டு இருக்கேன், அது அங்க யாரோட காட்ட அழிச்சு வந்ததுன்னு எனக்கும் தெரியாது, வாங்கறவருக்கும் தெரியாது. 2022ல பசுமை தமிழ்நாடு இயக்கம் ஆரம்பிச்சு 33 சதவீதம் பசுமைப் பரப்பு வேணும்னு சொன்னீங்க. வெட்டி வித்தா காசுன்னு தெரிஞ்சா விவசாயி அவராவே வைப்பாருங்க.

பட்டா மரம்னு சொல்லி காட்டு மரத்த கலந்துருவாங்கன்னு நீங்க பயப்படறது நியாயம். அதுக்குத்தான் கன்னு வைக்கும்போதே சர்வே நம்பர், போட்டோவோட பதிவு பண்ணிக்கங்க, வெட்டும்போது அந்த பதிவே போதும்னு வைங்க. காட்டோரமா இருக்கற ஊர்ல மட்டும் ரேஞ்சர் நேர்ல வந்து பாக்கட்டும், ஆனா இத்தன நாளுக்குள்ள வரணும்னு தேதி வேணும், வரலைன்னா அனுமதி கிடைச்சதா எடுத்துக்கணும். நாடு முழுக்க ஆன்லைன் டிரான்சிட் பாஸ் வந்தாச்சு, தோட்டத்துல நின்னு போன்லயே வாங்கற மாதிரி அத தமிழ்ல தாங்க.

தென்னைய எடுத்த குழில மழைக்கு முன்னாடி கன்னு வைக்கணும்னு ஆளுங்க நர்சரிய சுத்திட்டு இருக்காங்க. அதுக்குள்ள ஒரு பக்கத்துல, எங்களுக்கு புரியற தமிழ்ல, ஒரு அரசாணை போடுங்க.